அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ்: தோற்ற பிரிவை மறுபடி எழுதும் முன்

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ் பெற, என்கார்ப் (மாநிலப் பதிவு வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு) நடத்தும் ஏஆர்இ 5.0 தேர்வில் 6 பிரிவுகள். ஒன்றில் தோற்றால் 60 நாள் கழித்துத்தான் அதை மறுபடி எழுதலாம். 12 மாதத்துக்குள் ஒரே பிரிவுக்கு 3 வாய்ப்புதான். அந்த 60 நாளைச் சும்மா விடாதீர்கள். எந்தப் பகுதியில் பின்தங்கினீர்கள் என்பதை மதிப்பெண் அறிக்கையே காட்டும். இடையில் வேறு பிரிவு எழுதத் தடையில்லை.

அலுவலக நிர்வாகம், திட்ட நிர்வாகம், கட்டுமானம்-மதிப்பீடு மூன்றையும் அடுத்தடுத்து எழுதுங்கள். மூன்றுக்கும் ஏஐஏ (அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் சங்கம்) வெளியிடும் மாதிரி ஒப்பந்தங்களே அடித்தளம். பி101 (உரிமையாளர்-ஆர்க்கிடெக்ட் ஒப்பந்தம்), ஏ201 (கட்டுமான ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகள்) இரண்டையும் சுருக்கக் குறிப்பில் படித்தால் போதாது, மூலத்தையே வரிவரியாகப் படியுங்கள். ஏ201-இன்படி கட்டுமான முறைக்கும் தளப் பாதுகாப்புக்கும் பொறுப்பு காண்ட்ராக்டருடையது, ஆர்க்கிடெக்டுடையது அல்ல. வேலை அனுபவத்தை மட்டும் நம்பி விடை தருபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

திட்டமிடல்-வடிவமைப்பு, ஆவணமாக்கல் இரண்டும் நீளமானவை: தலா 100 கேள்வி, 4 மணி 5 நிமிடம். இடைவேளை எடுத்தால், அதுவரை திறந்து பார்த்த கேள்விகள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். பிறகு பார்க்கலாம் என்று குறியிட்டு வைத்தவற்றுக்கு விடை கொடுத்துவிட்டே எழுந்திருங்கள். கடைசியில் வரும் கேஸ் ஸ்டடிகளுக்கு (ஒரு திட்டத்தின் ஆவணங்களைப் பார்த்து விடை தரும் கேள்வித் தொகுப்புகள்) ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தேர்ச்சி பெற்ற பிரிவுகள் ஐந்தாண்டில் காலாவதியாகும் விதி 2023-இல் நீக்கப்பட்டது. ஆனாலும் லைசென்ஸ் தரும் உங்கள் மாநில வாரியத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.