காரைக்குடிச் சந்தையில் சுறாக் கணக்கெடுப்பு: அளக்கும் முறையும் கேட்கும் முறையும்

செட்டிநாட்டில் கடல் இல்லை, சுறாப்புட்டு உண்டு. தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் ஏறும் சுறா ஐஸ் பெட்டியில் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்து சேர்கிறது. சுறாவின் நகர்வை ஆராய செயற்கைக்கோள் பட்டையோ கடலடி ஒலி வாங்கிகளோ வாங்க நிறையப் பணம் வேண்டும், அனுமதியும் வேண்டும். ஆனால் எந்த மாதம் எந்த இனம் கரையோரம் வருகிறது, எங்கே குட்டி போடுகிறது, எந்த வயதில் வலையில் விழுகிறது என்பதையெல்லாம் சந்தைப் பலகையில் கிடக்கும் மீனே சொல்லிவிடும். அதை ஒழுங்காகக் குறித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இந்த வழிகாட்டி கடல் உயிரியல் மாணவர்களுக்கும், வாரம் ஒரு நாள் காலை நேரத்தை ஒதுக்கக்கூடிய எவருக்கும் பொருந்தும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய சிக்கல்

காரைக்குடிச் சந்தையில் இருப்பது கடலில் இருப்பதன் மாதிரி ஆகாது. பிள்ளை பெற்ற வீட்டில் பால் ஊறும் என்று பால் சுறா கேட்கிறார்கள். புட்டுக்கும் சதை மெத்தென்று உதிர வேண்டும் என்று சின்னதையே தேடுகிறார்கள். அதனால் வியாபாரி முழ நீளச் சுறாவாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். பெரியவை ஏலத்திலேயே வேறு ஊருக்குப் போய்விடும். சந்தையை மட்டும் அளந்துவிட்டு ‘பாக் நீரிணையில் பெரிய சுறாவே இல்லை’ என்று எழுதினால் அது தவறு. எனவே இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும்: ஏலம் நடக்கும் கரையில் ஒரு நாள், காரைக்குடிச் சந்தையில் ஒரு நாள். இரண்டுக்கும் தனித்தனித் தாள் வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே சராசரி எடுக்கவே கூடாது.

கையில் இருக்க வேண்டியவை

2 மீட்டர் இரும்பு அளவுநாடா, 10 கிலோ தொங்கு தராசு, மில்லிமீட்டர் அளவுகோல், தடித்த ரப்பர் கையுறை, நனையாத அட்டை, பென்சில், கைபேசி. துணி நாடா வேண்டாம், ஈரத்தில் நீளும். கையுறை இல்லாமல் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் தோலில் இருக்கும் பல் போன்ற செதில்கள் கையை அறுத்துவிடும். திருக்கை கலந்த குவியலில் கை விடுவதற்கு முன் வால் முள்ளைப் பாருங்கள்.

இனம் காண்பது

‘பால் சுறா’ என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று இனங்கள் விற்பனையாகின்றன. பெயரைக் கேட்டு எழுதாதீர்கள், உடலைப் பார்த்து எழுதுங்கள். வாயின் ஓரத்தில் நீளமான உதட்டு மடிப்பும், அதற்குப் பின்னால் பெரிய துளைகளின் வரிசையும் தெரிந்தால் அது ரைசோபிரியோனோடான் அகூட்டஸ். மூக்கு மண்வெட்டி போலத் தட்டையாக நீண்டிருந்து, உதட்டு மடிப்பு குறுகியிருந்தால் ஸ்கோலியோடான். இதில் இரண்டாம் முதுகுத்துடுப்பு குதத்துடுப்பைவிட மிகச் சிறியது. வெகு பின்னால் தொடங்கும்.

கொம்பன் சுறாவில், அதாவது சுத்தியல் தலைச் சுறாவில், தலையின் முன்விளிம்பைப் பாருங்கள். விளிம்பு வில்லாக வளைந்து, நட்ட நடுவில் பள்ளமும் இருந்தால் ஸ்பிர்னா லெவினி. உலகளவில் மிக அருகிவிட்ட இனம் இது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 2019இல் அந்த நிலைக்கு மாற்றப்பட்டது. ஒரு மீட்டருக்குக் குறைவாக இருக்கும் ஒவ்வொரு ஸ்பிர்னா லெவினியும் பருவம் எய்தாத குட்டிதான்.

துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள்தான் அதிகம் குழப்பும். கார்கரைனஸ் சோராவுக்கு மார்புத்துடுப்பு, இரண்டாம் முதுகுத்துடுப்பு, வாலின் கீழ்மடல் மூன்றிலும் கறுப்பு உண்டு. புதுச்சேரிச் சுறா என்னும் கார்கரைனஸ் ஹெமியோடானுக்கும் ஏறக்குறைய அதே அடையாளம். பின்னது மிக அரிது, உலகம் முழுவதிலும் 20க்கும் குறைவான மாதிரிகளிலிருந்தே அதை அறிவோம். ஆகவே நுனி கறுத்த சுறா எதுவானாலும் பக்கவாட்டில் ஒரு படம், தலையின் அடிப்புறம் ஒரு படம், மேல்தாடைப் பல் ஒரு படம் என்று மூன்று எடுத்துவிடுங்கள். படத்துக்குள் அளவுகோல் தெரிய வேண்டும்.

நீளம் அளப்பது

மீனைப் பக்கவாட்டில் நேராகக் கிடத்துங்கள். நாடா உடலின் வளைவின் மேல் படக்கூடாது, தரையோடு நேராக ஓட வேண்டும். வயிறு புடைத்த சுறாவை மேலாக அளந்தால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். வாலின் மேல்மடலை உடலோடு ஒரே கோட்டில் வருமாறு அழுத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை படிப்பது மொத்த நீளம். வாலை இயல்பாக விட்டு அளப்பவர்களும் உண்டு. இரண்டு முறையிலும் எண் வேறாக வருமாதலால், எந்த முறை என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கூடவே வால் பிளவு வரையிலான நீளத்தையும் எடுங்கள்; வால் நுனி அறுந்த மீனுக்கு அதுதான் கைகொடுக்கும்.

சந்தையில் தலையும் துடுப்பும் போன முண்டமே பல நாள் கிடைக்கும். அதற்கும் வழி இருக்கிறது. முதல் முதுகுத்துடுப்பு தொடங்கும் இடத்திலிருந்து இரண்டாம் முதுகுத்துடுப்பு தொடங்கும் இடம் வரை அளந்து வையுங்கள். துடுப்பை வெட்டினாலும் அதன் அடி தழும்பாகத் தெரியும். கரையில் முழு மீன் கிடைக்கும்போது, ஓர் இனத்துக்கு 30 மீனாவது, சின்னதும் பெரியதும் கலந்து, இந்த இடைவெளியையும் மொத்த நீளத்தையும் சேர்த்தே அளந்தால் நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். முண்டத்தின் அளவை அதில் போட்டு நீளத்தைக் கணிக்கலாம். ஒரு இனத்தின் சமன்பாட்டை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். நீங்கள் அளந்த மீன்களின் அளவு எல்லைக்கு வெளியேயும் நீட்டாதீர்கள்.

ஆணா பெண்ணா, பருவம் எய்தியதா

ஆண் சுறாவின் இடுப்புத்துடுப்பின் உள்விளிம்பில் விரல் போன்ற இரண்டு பற்றுறுப்புகள் இருக்கும். குட்டையாக, வளைத்தால் வளையுமானால் குட்டி. நீண்டும் இன்னும் மென்மையாக இருந்தால் பருவத்துக்கு வரும் நிலை. உள்ளே கெட்டிப்பட்டு, அடியிலிருந்து முன்பக்கமாகத் திருப்ப முடிந்து, நுனி விரிந்தால் முழுப் பருவம். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையால் வளைத்துப் பாருங்கள்.

பெண்ணில் வெளியே எதுவும் தெரியாது. வெட்டித்தரும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், வயிற்றைக் கிழிக்கும்போது குட்டி இருந்தால் எடுத்து வைப்பார். எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நீளம், ஆண் பெண் மூன்றையும் எழுதுங்கள். வலையில் சிக்கிய சுறா பதற்றத்தில் குட்டியை வெளியே தள்ளிவிடும். அதனால் கருப்பை தொய்ந்தும் குட்டி குறைவாகவும் இருந்தால் ‘குறைந்தது இத்தனை’ என்றே குறிக்க வேண்டும்.

தொப்புள் தழும்பு

இதைப் பார்க்காமல் எந்தச் சிறு சுறாவையும் விடாதீர்கள். குட்டி போடும் சுறாக்களில் மார்புத்துடுப்புகளுக்கு நடுவே அடிப்புறத்தில் தொப்புள் இருக்கும். திறந்த புண்ணாக இருந்தால் மிக அண்மையில் பிறந்தது. கீறலாக மூடியிருந்தால் அதைவிடச் சற்று மூத்தது. கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தால் இன்னும் மூத்த குட்டி. திறந்த புண்ணோடு இருக்கும் குட்டி பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்திருக்க வழியில்லை. அதை எந்த வலையில், எத்தனை பாகம் (மீனவர் கடலாழத்தைச் சொல்லும் அளவு) ஆழத்தில் பிடித்தார்கள் என்பதே குட்டி போடும் இடத்தைக் காட்டும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, பெரும்பகுதி 10 மீட்டர் அளவுதான். அப்படிப்பட்ட கடலில் இது முக்கியமான செய்தி.

ஆனாலும் ஒரு மாதம் குட்டிகள் நிறைய வந்ததும் ‘சுறாக் குட்டிகளின் வளர்ப்பிடம் கண்டுபிடித்தோம்’ என்று அறிவித்துவிடக் கூடாது. சுறா ஆய்வாளர் ஹியூபெல் குழுவினர் 2007இல் வகுத்த மூன்று நிபந்தனைகளையே இன்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்: அங்கே குட்டிகள் மற்ற இடங்களைவிட அதிகம் இருக்க வேண்டும், நீண்ட நாள் தங்க வேண்டும், பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அதே இடம் பயன்பட வேண்டும். ஆகவே இது மூன்று நான்கு ஆண்டு வேலை. பாறை இடுக்கில் வாழும் சைலோசிலியம் சுறாக்கள் முட்டையிடுபவை. அவற்றுக்குத் தழும்பைக் கொண்டு வயது பார்க்க முடியாது.

எங்கே பிடித்தது என்று கேட்பது

பிடித்த இடம் தெரியாவிட்டால் எடுத்த அளவுக்குப் பாதிப் பயன்தான். ‘அண்ணே, இது எந்தக் கரையில ஏத்துனது? இழுவை மடியா, திருக்கை வலையா, தூண்டிலா? எத்தனை பாகம்?’ இவ்வளவு போதும். ‘முன்னாடி நிறைய இருந்துச்சுல்ல?’ என்று கேட்டால் நீங்கள் விரும்பும் பதிலே வரும். ஏலம் ஓடும்போது குறுக்கே போகாதீர்கள்; முடிந்து டீ குடிக்கும் நேரம்தான் பேச்சுக்கு ஏற்றது. காற்றையும் குறியுங்கள். வாடையா, கச்சானா, கொண்டலா என்பது மீனவர் மனக்கணக்கில் தேதியைவிடத் துல்லியமாக இருக்கும். ‘அடுத்த வாரம் சுறா எடுத்து வைங்க, வாங்கிக்கிறேன்’ என்று மட்டும் சொல்லவே கூடாது. உங்கள் ஆய்வே சுறா பிடிக்கக் காரணமாகிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனும், மேற்குக் கரையிலிருந்து லாரியில் வரும் மீனும் ஒரே பலகையில் கலக்கும். கேரள மீனைப் பாக் நீரிணைக் கணக்கில் சேர்த்துவிட்டால் ஆண்டு முழுவதற்குமான வரைபடம் கெட்டுப்போகும்.

சுறா ஒன்றுகூட வராத நாளுக்கும் தாள் போட வேண்டும்: தேதி, வந்த படகுகள், சுறா 0. கிடைத்த நாளை மட்டும் எழுதினால் கணக்கில் சுறா எப்போதும் நிறைந்தே இருக்கும்.

சதை மாதிரியும் சட்டமும்

இனம் உறுதியாகத் தெரியாத மீனிலிருந்து துடுப்பின் ஓரத்தில் மொச்சை அளவு வெட்டி, 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். சதையைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். குறைந்தால் நடுச்சதை கெட்டு டிஎன்ஏ சிதையும். மை எத்தனாலில் கரையும் என்பதால் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே இடுங்கள்.

திமிங்கலச் சுறா, ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா மீன், புதுச்சேரிச் சுறா ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டவை. 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாறின. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இனத்திலிருந்து அனுமதியில்லாமல் துளிச் சதையும் எடுக்கக் கூடாது. படம் எடுத்து, நீளம் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் சுறாக்கள் அடங்கிய கார்கரைனிடே குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2022 பனாமா மாநாட்டில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வந்துவிட்டது. அதனால் வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் குப்பியைத் தபாலில் அனுப்புவதும் அனுமதிக்கு உட்பட்டதே.

கணக்கைத் தொகுப்பது

மாதக் கடைசியில் ஒவ்வொரு இனத்தையும் 5 சென்டிமீட்டர் வகுப்புகளாகப் பிரித்து, கரைக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று என இரண்டு வரைபடம் போடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் சந்தை எதைப் பொறுக்குகிறது என்பதன் அளவு. வலை வகை வாரியாகவும் பிரியுங்கள். திருக்கை வலையின் பெரிய கண்ணில் குட்டி நழுவிவிடும், இழுவை மடியில் எல்லாம் விழும். வலை மாறினால் சராசரி நீளமும் மாறும், கடலில் ஒன்றும் மாறாமலேயே. தாள்களின் நகலைத் தொண்டியிலுள்ள அழகப்பா பல்கலைக்கழகக் கடலியல் துறைக்கும், மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையத்துக்கும் கொடுங்கள். திறந்த தொப்புளோடு குட்டிகள் வந்த மாதத்தையும் ஆழத்தையும் ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையாக அச்சிட்டு, தகவல் சொன்ன கரையிலேயே ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள்.