மரத்தில் மோதாமல் டிஸ்க் கோல்ஃப்: முதல் சுற்று ஆடுவது எப்படி?

சங்கிலி தொங்கும் கூடையில் ஃப்ரிஸ்பி போன்ற தட்டை எறிந்து விழவைக்க வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வெற்றி. விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் பூங்கா சின்னதாக, மரங்கள் நெருக்கமாக இருந்தால் தூரத்தைவிட நேராகப் போவதுதான் முக்கியம்.

படி 1: தட்டு

நெடுந்தூரம் எறியும் வேகமான தட்டான டிரைவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கூடைக்கு அருகில் எறிய ஒரு பட்டர் (putter), நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் போதும். பச்சை நிறம் மட்டும் வேண்டாம், புதருக்குள் போனால் கண்ணில் படாது. அடிப்பக்கம் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவையுங்கள்.

படி 2: மரங்களுக்கிடையே சந்து தேடுங்கள்

டீயில், அதாவது முதல் எறியைத் தொடங்கும் இடத்தில், நின்றதும் எல்லோரும் கூடையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் முதல் பத்து மீட்டருக்குள் உள்ள மரங்களைப் பாருங்கள். அங்கே இரண்டு மீட்டர் அகலச் சந்து இருந்தாலும், நடுவிலிருந்து ஐந்தாறு டிகிரி பிசகினால் மரத்தில்தான் அடி. அதனால் சந்துக்கு அப்பால் ஒரு புள்ளியைக் குறிவைத்து எறியுங்கள். பாதையில் நடந்துபோகிறவர்கள் இருந்தால் அவர்கள் கடக்கும்வரை காத்திருங்கள்.

படி 3: எறிதல்

கட்டைவிரல் தட்டின் மேலே, மற்ற விரல்கள் விளிம்பின் உள்ளே. தட்டை நெஞ்சு உயரத்தில் வைத்து, முழங்கை முன்னே போக, ஒரே நேர்கோட்டில் இழுத்து விடுங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் தட்டின் முன்விளிம்பை மேலே தூக்கிவிடுவார்கள். அது கிளைக்கு ஏறி, வேகம் செத்து, பக்கத்தில் விழும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே பாதி சரியாகிவிடும். பலம் வேண்டாம், மணிக்கட்டுச் சுழற்சி போதும்.

இப்படி நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து எறிவதுதான் பேக்ஹேண்ட். வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் எறி கடைசியில் இடப்பக்கம் சாயும். பாதை வலப்பக்கம் திரும்பினால் ஃபோர்ஹேண்ட் பயன்படுத்துங்கள்: இரண்டு விரல்களை விளிம்பின் உள்ளே மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவது. இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

படி 4: மரத்தில் அடித்த பிறகு

கட்டாயம் அடிப்பீர்கள். கூடைகள் வருவதற்கு முன்னால் மரத்தையும் கம்பத்தையுமே இலக்காக வைத்து ஆடியவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் பெரிய ஆட்டக்காரன்!

தட்டு கிடக்கும் இடத்தில், கூடையை நோக்கிய பக்கம் சின்ன மார்க்கரை (அடையாளத் தட்டு) வைத்து, அதற்குப் பின்னால் நின்று எறியவேண்டும். கிளையை ஒடிக்கக்கூடாது. கிளைகளுக்கிடையே புகுந்து கூடையை எட்டிவிடலாம் என்று ஆசை வரும். அப்படி முயன்று ஒரே கூடைக்கு எட்டு எறிகள் செலவழித்திருக்கிறேன். பக்கவாட்டில் திறந்த வெளிக்குத் தள்ளிவிடுங்கள், ஓர் எறி போனால் போகட்டும். மரத்திலேயே மாட்டிக்கொண்டால், சிறப்பு விதி இல்லாத ஆட்டத்தில் அபராதம் கிடையாது. நேர் கீழே தரையில் குறித்து ஆடலாம். காணாமல் போனால் தேட மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் ஓர் எறி அபராதத்தோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி.

படி 5: கூடை

கூடையிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பவர் முதலில் எறிவார். பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் எறிந்த வேகத்தில் முன்னால் கால் வைக்கக்கூடாது, சமநிலையோடு நின்றுவிட்டுத்தான் நகரவேண்டும். தட்டு கூடைக்குள் விழலாம், சங்கிலியில் தொங்கலாம், இரண்டும் கணக்கு. கூடையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டால் செல்லாது. நொந்துகொள்ளாமல் எடுத்து, அப்படியே கூடைக்குள் போடுங்கள். அதையும் ஓர் எறியாகச் சேர்க்க மறக்காதீர்கள்.