சிகனோபுவின் அந்தப்புரப் படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரண்மனைப் பெண்கள் செர்ரிப் பூ பார்க்கிறார்கள், நிலா பார்க்கிறார்கள், நம்ம ஊர் கொலு மாதிரி படிகளில் பொம்மை அடுக்குகிறார்கள். இப்படிப்பட்ட ஜப்பானிய மரஅச்சுப் படங்களைத் தேடினால் ஓவியர் யோஷு சிகனோபுவின் ‘சியோதா நோ ஓ-ஓகு’ (சியோதா கோட்டையின் அந்தப்புரம்) வரிசை கட்டாயம் கண்ணில் படும். உடனே ‘ஜப்பானியப் பேரரசரின் அரசவை’ என்று எழுதிப் பகிர்ந்துவிடுகிறார்கள். அது தப்பு. இந்தப் படங்கள் காட்டும் காலத்தில் பேரரசர் கியோட்டோவில் இருந்தார். இது எடோ கோட்டைக்குள், அதாவது இன்றைய டோக்கியோவில், நாட்டை உண்மையில் ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுன் வீட்டுப் பெண்கள் வாழ்ந்த அந்தப்புரம்.

அடுத்தது, இதை நேரில் பார்த்து வரைந்த பதிவாக நம்புவது. படங்கள் அச்சானது 1894-96இல், ஷோகுன் ஆட்சி கவிழ்ந்ததோ 1868இல். அந்த ஆட்சி இருந்தவரை ஷோகுன் குடும்பத்தை அச்சுப் படத்தில் காட்டவே தடை. சிகனோபு, அந்த ஆட்சி கவிழ்ந்தபோது நடந்த 1868 போரில் ஷோகுன் பக்கம் நின்று சண்டை போட்ட சாமுராய். தோற்ற தரப்பில் இருந்தவர் பழைய நாட்களை வரைந்தால் கொஞ்சம் பளபளப்பாகத்தானே இருக்கும்? எனக்கு இவற்றில் பிடித்ததே அந்த ஏக்கம்தான், ஆனால் ஆவணம் என்று எடுத்துக்கொள்ளும்போது கவனம் தேவை.

பருவத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஜப்பான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது 1873இல். அதற்கு முந்தைய வழக்கங்களெல்லாம் சந்திரனை ஒட்டிய பழைய கணக்கில் நடந்தவை, அதனால் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் பொம்மைத் திருநாள் பெரும்பாலும் இன்றைய ஏப்ரலை ஒட்டி, பீச் மரம் பூக்கும் சமயத்தில் வரும். ஏழாம் மாதம் ஏழாம் நாள் வரும் தனபாதா என்ற நட்சத்திரத் திருநாள் இப்போது ஜூலை மழையில் மாட்டிக்கொள்கிறது. பழைய கணக்கில் அது இலையுதிர்காலத் தொடக்கம். படத்தில் பூவும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்று ஓவியரைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

இன்னொன்று, பெரும்பாலும் இவை மூன்று தாள் சேர்ந்த ஒரே காட்சி, வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். நடுத் தாளை மட்டும் வாங்கிவிட்டு ‘பாதி ஆள் வெட்டுப்பட்டிருக்கிறதே’ என்றால் எப்படி?

அப்புறம், சிவப்பும் ஊதாவும் பளிச்சென்று இருப்பதால் மட்டும் மறுபதிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஷோகுன் ஆட்சிக்குப் பிந்தைய மெய்ஜி காலத்தில் செயற்கைச் சாயம் வந்துவிட்டது, நிறமே அப்படித்தான். தாளைச் சாய்த்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், சில படங்களில் மை இல்லாமல் அழுத்தியே கொண்டுவந்த மேடுபள்ளம் தெரியும். திரையில் பார்க்கும்போது அது காணாமல் போய்விடும். வாங்கிவிட்டால் வெயில் விழும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், பின்பக்கம் செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள்.