மலைக் கண்காட்சியில் சோப்பும் பாமும் விற்க

மே மாதம் வந்தால் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி. பழனி மலைப் பக்கம் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் மலர்க் கண்காட்சி. கையால் சோப்பும் பாமும் (மெழுகும் எண்ணெயும் சேர்த்துச் செய்யும் தோல் பூச்சு) செய்கிறவர்களுக்கு வருஷத்தின் பெரிய வியாபாரம் இந்தச் சில வாரங்கள்தான். அங்கே வாங்குகிறவர்களில் பலர் கோவை, திருப்பூர், சென்னை, பெங்களூர்க்காரர்கள். நீங்கள் 20 டிகிரிக் குளிரில் செய்ததை அவர்கள் கார் டிக்கியில் போட்டு 40 டிகிரி வெயிலுக்கு இறக்கிக்கொண்டு போகிறார்கள். அளவு, பொதி, லேபிள் எதை முடிவு செய்தாலும் அந்த இறக்கத்தை நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

உரிமம் முதலில்

சோப்பும் சட்டப்படி அழகுசாதனப் பொருள்தான். அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-ன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் காஸ்-8 உரிமம் வாங்க வேண்டும். வீட்டுச் சமையலறையைக் காட்டி வாங்க முடியாது. தனி இடம் வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் உரிமம் உள்ள ஒரு கூடத்தில் தங்கள் பெயரில் செய்துகொள்ள காஸ்-9 கடன் உரிமம் இருக்கிறது. சின்னத் தொழிலுக்கு அதுதான் நல்ல வழி. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். சுய உதவிக் குழுவில் இருந்தால் கடை ஒதுக்கீட்டுக்கு மகளிர் திட்ட அலுவலகத்தில் பிப்ரவரியிலேயே கேட்டு வையுங்கள்.

அட்டையில் எழுதும் வார்த்தையில் கவனம் தேவை. ‘சளி போகும்’, ‘மூட்டுவலிக்கு’, ‘படை, சொறி ஆறும்’ என்று எழுதினால் அது மருந்தாகிவிடும். அதற்குச் சித்த, ஆயுர்வேத மருந்து செய்யும் உரிமம் தனியாக வேண்டும். யூகலிப்டஸ் சோப்பா, ‘யூகலிப்டஸ் மணமுள்ள குளியல் சோப்பு’ என்பதோடு நிறுத்துங்கள்.

எப்போது ஊற்றுவது

மே மாதத்துக்கான சோப்பை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் அச்சில் ஊற்றி முடியுங்கள். சமவெளியில் 4 வாரத்தில் காய்கிற சோப்புக்கு மலையில் 6 முதல் 8 வாரம் பிடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் காற்று உலர்ந்திருக்கும். ஏப்ரலில் கோடை மழை தொடங்கிவிட்டால் சோப்பில் உள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து, மேலே முத்து முத்தாக வியர்க்கும்.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், தவிட்டு எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. இதற்கு காஸ்டிக் சோடா 147 கிராம், தண்ணீர் 295 கிராம். ஏறக்குறைய 6 சதம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்; தோல் வறளாமல் இருப்பது அதனால்தான். கிராம் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம்.

குளிரால் வரும் கோளாறுகள் தனி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் ஜனவரி காலையில் எண்ணெயை உருக்காமல் கலக்கினால், சோப்பு சேரும் முன்பே எண்ணெய் இறுகி, அச்சில் ஊற்ற வேண்டிய கூழ் பதம் வந்துவிட்ட மாதிரி தெரியும். அதை நம்பி அச்சில் ஊற்றினால் மறுநாள் அடியில் சோடாத் தண்ணீர் நிற்கும். எண்ணெய், சோடாக் கரைசல் இரண்டும் 40 முதல் 45 டிகிரியில் இருக்கும்போது கலக்குங்கள். ஊற்றிய அச்சை ஒரு நாள் கம்பளியில் சுற்றி வையுங்கள். சுற்றாவிட்டால் நடு மட்டும் சூடேறி, வெட்டும்போது வட்டமாக ஒரு கறை தெரியும். மேலே வெள்ளையாகப் பூக்கும் பொடியால் கெடுதி இல்லை, ஆவி காட்டினால் போய்விடும்.

3 சதம் வாசனை எண்ணெய் சேர்த்தால் மொத்தம் 1,470 கிராம் வரும். இதை 12 துண்டாக வெட்டினால் ஒன்று 122 கிராம். காய்ந்தபின் 107 முதல் 110 நிற்கும். அட்டையில் 100 கிராம் என்று போடுங்கள். கீழே போன பிறகும் எடை குறையும். அந்த மிச்சம் அதற்காகத்தான்.

பாம்: குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று

தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் ஐந்து பங்கு சேர்த்தால் உள்ளூர்க் குளிருக்கு விரலில் இதமாக வரும் பாம் கிடைக்கும். அதே டப்பா மேட்டுப்பாளையம் தாண்டினால் கூழாகிவிடும். பயணிகளுக்கு விற்பதில் மெழுகு ஒன்றுக்கு எண்ணெய் மூன்று. கடையில் தொட்டால் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். ‘விரலால் தேய்த்துச் சூடாக்கிப் பூசுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். சோதிக்க, மூடிய டப்பாவை 50 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு இளகலாம், ஓடக் கூடாது.

தண்ணீர் கலந்த கிரீம், லோஷன், கற்றாழை ஜெல் எதுவும் முதல் வருஷம் வேண்டாம். தண்ணீர் இருக்கும் இடத்தில் பூஞ்சை வரும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும், பூஞ்சையைத் தடுக்காது. விண்டர்கிரீன் எண்ணெயையும் பூசும் பொருளில் சேர்க்காதீர்கள். அதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

பொதியும் லேபிளும்

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சோதனையும் உண்டு. கேரி பேக் கண்ணிலேயே படக் கூடாது. சோப்புக்கு மெழுகு தடவிய தாளும் அதன் மேல் ஒரு காகிதப் பட்டையும். பாமுக்கு அலுமினிய டப்பா. வெறும் காகிதம் மதிய மழையில் நமுத்து மை கலங்கும்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், செய்தவர் பெயர், முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், செய்த மாதமும் ஆண்டும், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிராம் என்ன விலை, சேர்மானங்கள் அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக, புகாருக்கு ஃபோன் எண். தொகுதி எண்ணை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். சேலத்திலிருந்து ஒருவர் ‘ஆரஞ்சுப் புள்ளி வந்திருக்கிறது’ என்று கூப்பிட்டால் எந்த எண்ணெய் சிக்குப் பிடித்தது என்று உடனே தெரியும். மீதியை நிறுத்தி வைக்கலாம்.

கடையில்

குளிரில் பச்சைத் தண்ணீரில் கை கழுவ யாரும் முன்வர மாட்டார்கள். இரண்டு பெரிய ஃபிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு பேசின், ஒரு வாளி, பருத்தித் துண்டுகள் வையுங்கள். சோப்புச் சீவல் ஒன்றைக் கையில் கொடுத்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் நுரை எழும்பும், வாசனை வரும். பேச வேண்டியது பாதி குறைந்துவிடும். பாமில் விரல் விட விடாதீர்கள், ஐஸ் குச்சியால் எடுத்துக் கொடுங்கள்.

யூகலிப்டஸ் சோப்பை மேஜையின் ஓரத்தில், மூடிய பெட்டியில் வையுங்கள். லாவெண்டர், எலுமிச்சைப்புல் சோப்புகளோடு சேர்த்து அடுக்கினால் மாலைக்குள் எல்லாவற்றிலும் நீலகிரித் தைல வாசனைதான் வரும்.

‘இது போட்டா கலர் ஆவாங்களா அக்கா?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘இல்லைங்க, அழுக்குப் போகும், தோல் வறளாது, அவ்வளவுதான்’ என்று சொல்லுங்கள். ‘அலர்ஜி வருமா?’ என்றால், முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பொருளும் எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். இரண்டு நிறுவன சிம், 10, 20 ரூபாய்ச் சில்லறை இரண்டும் கையில் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் மழையும் பனிமூட்டமும் வரும். தார்ப்பாயைக் காலையிலேயே கட்டி, சரக்கை மூடியுள்ள பெட்டியில் வைத்து மாதிரிகளை மட்டும் வெளியே பரப்புங்கள்.

விலை போடும்போது கடை வாடகையை மறந்துவிடுகிறார்கள். நாள் வாடகை 3,000 ரூபாய், ஒரு சோப்பில் செலவு போக 60 ரூபாய் நிற்கிறது என்றால், முதல் 50 சோப்பு வாடகைக்கே போய்விடும். ஒரு நாளில் 50 விற்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் இன்னொருவரோடு பாதிக் கடை எடுங்கள்.

மிஞ்சிய சரக்கை அடுத்த மே வரை வைக்காதீர்கள், வாசனை போய்விடும். உள்ளூர்க் கோயில் திருவிழாக்களில் சின்னத் துண்டாக, குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அங்கே கேட்பதே வேறு: தேயிலை பறிக்கிற கைக்கும் பித்தவெடிப்புக் காலுக்கும் தடவ, ஒன்றுக்கு ஐந்து பதத்தில் செய்த அந்த இளகிய பாம்.