சின்ன பிக்கப்பில் ட்ரெய்லர் கட்டி இழுப்பது எப்படி

அமெரிக்காவில் ஃபோர்டு மேவரிக் மாதிரி சின்ன பிக்கப் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை பவுண்டு இழுக்கும் என்பதைத்தான். மேவரிக் சாதாரணமாக 2,000 பவுண்டு இழுக்கும், டோயிங் பேக்கேஜ் இருந்தால் 4,000. ஆனால் எடை வரம்புக்குள் இருக்கும் ட்ரெய்லரும் நெடுஞ்சாலையில் பாம்பு மாதிரி நெளியும். எவ்வளவு ஏற்றினீர்கள் என்பதோடு எங்கே ஏற்றினீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ட்ரெய்லரின் முன்முனை வண்டியின் பின்னால் உள்ள இரும்பு உருண்டை, அதாவது பால் (ball) மேல் அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். சாமானோடு சேர்ந்த மொத்த எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 1,500 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 150 முதல் 225 பவுண்டு. குறைந்தால் பின்பாரம் கூடி வால் ஆடத் தொடங்கும். அதிகமானால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும், ஹெட்லைட் மேலே பார்க்கும். சாமானில் 60 சதவீதத்தை அச்சுக்கு முன்னால் வைத்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

உறுதி செய்ய வீட்டில் உள்ள எடை மெஷினே போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மெஷின் மேல் ஹிட்ச் (வண்டியில் ட்ரெய்லரை மாட்டும் அமைப்பு) உயரத்துக்கு மரத்துண்டுகளை அடுக்கி அதன் மேல் ட்ரெய்லர் முனையை இறக்குங்கள். மெஷின் தாங்காது என்று தோன்றினால், அதே உயரத்தில் ஒரு செங்கல்லுக்கும் மெஷினுக்கும் நடுவே 3 அடி இடைவெளி விட்டுப் பலமான பலகை போட்டு, செங்கல்லிலிருந்து 1 அடியில் முனையை வையுங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட் கிடைத்துவிடும்.

இந்த எடை பிக்கப்பின் பேலோடிலும், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடையிலும் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள பேலோட் எண்ணிலிருந்து ஆட்கள், பின் தொட்டியில் (பெட்) உள்ள சாமான், டங் வெயிட் மூன்றையும் கழித்துப் பாருங்கள். ஹிட்சுக்கும் தனி வரம்பு உண்டு. கிளாஸ் 1 ஹிட்ச் 2,000 பவுண்டு இழுவையும் 200 பவுண்டு டங் வெயிட்டும் தாங்கும். கிளாஸ் 2-க்கு 3,500, 350. வண்டி, ஹிட்ச், பால் மவுண்ட் (ஹிட்சில் செருகிப் பாலைத் தாங்கும் கம்பி), பால், ட்ரெய்லர் என்று எதில் எண் சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு.

மண் ஏற்றும்போதுதான் இந்தக் கணக்கு தவறுகிறது. ஒரு கன யார்டு மேல்மண் 2,000 பவுண்டைத் தாண்டும், மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். இதோடு ட்ரெய்லரின் சொந்த எடை வேறு. லோடர்காரர் பக்கெட்டைத் தூக்குமுன் அரை யார்டு போதும் என்று சொல்லிவிடுங்கள். மல்ச் (செடிகளைச் சுற்றிப் போடும் மரச்சிராய்) என்றால் ஒரு யார்டு ஏற்றலாம்.

பால் அளவை நம்பிக்கையில் விடாதீர்கள். பாலைக் கவ்வும் ட்ரெய்லர் முனைக்குக் கப்ளர் என்று பெயர், அதன் மேலேயே அளவு குத்தியிருக்கும். 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலப் பால் மேல் உட்கார்ந்து, பூட்டும் விழுந்து, எல்லாம் சரி போலவே இருக்கும். முதல் மேட்டில் கழன்று வரும். மாட்டிய பிறகு ஜாக்கால் ட்ரெய்லர் முனையை மேலே தூக்குங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பூட்டில் பின் (pin) செருகுங்கள். சங்கிலிகளை முனைக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள்: கப்ளர் கழன்றாலும் முனை தார் ரோட்டில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். திருப்பத்துக்கு வேண்டிய நீளம் மட்டும் இருக்கட்டும், தரையில் உரசக்கூடாது. கட்டி முடித்தபின் ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு மேலே தூக்கி நின்றால் இறக்கம் கூடிய பால் மவுண்ட் வாங்குங்கள்.

ட்ரெய்லர் விளக்குகளுக்கான நாலு முனை பிளக்கில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது. இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகச் சேர்ந்து மினுக்கினால் பல்பைக் கழற்றாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள். வெள்ளை வயர் சேருமிடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ட்ரெய்லர் டயரில், காரைப் போலன்றி, பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் வரை குளிர்ந்த நிலையில் காற்று அடிக்க வேண்டும். காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள்: டயர் ஓரத்தில் உள்ள நாலு இலக்க எண் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் ஆனதை மாற்றிவிடுங்கள்.

பிரேக் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலிருந்து ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். நிறைய சின்ன ட்ரெய்லர்களின் எடை வரம்புத் தட்டில் 2,990 என்று இருப்பதன் ரகசியம் இதுதான். கலிஃபோர்னியாவில் கேம்பிங் ட்ரெய்லருக்கு 1,500 பவுண்டிலேயே பிரேக் வேண்டும், ட்ரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பும் 55 மைல்தான்.

ஓட்டும்போது வால் ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாக இறங்க விடுங்கள். பிறகு ஓரங்கட்டி, பாரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து மைலில் ஒருமுறை இறங்கிச் சக்கர நட்டுகளை இறுக்கி, சக்கரத்தின் நடுப்பகுதியில் (ஹப்) கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். பேரிங்குக்கு வருடத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுங்கள்.

ரிவர்ஸில் நீளமான ட்ரெய்லரைவிடக் குட்டை ட்ரெய்லர்தான் படுத்தும், சட்டென்று மடங்கிவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள்: கை போகும் பக்கமே ட்ரெய்லரின் வாலும் போகும். மடங்க ஆரம்பித்தால் ரிவர்ஸிலேயே சரிக்கட்டப் பார்க்காமல் முன்னால் ஓட்டி நேராக்குங்கள். காலி ட்ரெய்லர் கண்ணில் படவில்லை என்றால் பிக்கப்பின் பின்கதவை (டெயில்கேட்) இறக்கலாம், ஜாக்கில் இடிக்காது என்று முதலில் பார்த்துக்கொண்டு. கழற்றும்போது சங்கிலியை அவிழ்ப்பதற்கு முன்னால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.