லேடெக்கில் கர்நாடக ஸ்வரக் குறிப்பு: சொந்தக் கட்டளைகளும் சூழலும்

லேடெக் என்பது கட்டளைகளை எழுதி ஆவணம் அச்சிடும் மென்பொருள். அதில் ஸ்வரக் குறிப்பு எழுத, யூனிகோடு எழுத்துருக்களை ஏற்கும் அதன் வடிவமான ஸீலேடெக், ஒரு யூனிகோடு தமிழ் எழுத்துரு, ஸ்டாக்எஞ்சின் (குறிகளை மேலும் கீழும் அடுக்க), அர்ரே (அட்டவணைக்கு) தொகுப்புகள் போதும்.

தார (மேல்) ஸ்தாயி ஸ்வரத்துக்கு மேலே புள்ளி, மந்திர (கீழ்) ஸ்தாயி ஸ்வரத்துக்குக் கீழே. இதற்கு லேடெக்கின் வழக்கமான மேற்புள்ளிக் கட்டளையைத் தொடாதீர்கள்: ‘ஸ’ மேல் விழும் சிறு புள்ளி ‘ஸ்’ என்றே படிக்கப்படும். புதிய கட்டளைகளை உருவாக்கும் நியூகமாண்ட் கொண்டு ஒற்றை உள்ளீடு பெறும் ‘தாரம்’, ‘மந்திரம்’ என்ற இரு கட்டளைகள் வரையறுங்கள். முதலாவதில் மேலே அடுக்கும் ஸ்டாக்கான், அடுத்ததில் கீழே அடுக்கும் ஸ்டாக்அண்டர்; இடைவெளி 1 பாயின்ட்; புள்ளிக்கு டைனி (மிகச் சிறிய) அளவில் டெக்ஸ்ட்புல்லட் குறி. ஸ்வரத்துடன் ஒரு ஸ்ட்ரட் (உயரத்தை ஒரே அளவாக வைக்கும், கண்ணுக்குத் தெரியாத தூண்) சேர்ப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் ‘ரி’யின் புள்ளி உயரத்திலும் ‘ப’வின் புள்ளி தாழ்விலும் நின்று வரி குலைந்துவிடும்.

கட்டளைப் பெயர்களை ரோமன் எழுத்தில், நீளமாகவே வையுங்கள். எஸ், பி, ஆர், டி என்ற ஓரெழுத்துப் பெயர்கள் ஏற்கெனவே லேடெக்குக்குச் சொந்தம். நியூகமாண்ட் பிழை காட்டும். இருக்கும் கட்டளையை மாற்றி எழுதும் ரிநியூகமாண்டால் அவற்றை அழிப்பது பின்னால் தொல்லை.

ஆதி தாளத்துக்கான சூழலை (தொடக்கமும் முடிவும் கொண்ட கட்டளைத் தொகுதி) வரையறுக்க நியூஎன்விரான்மென்ட். தொடக்கப் பகுதியில் வரி இடைவெளியைக் கூட்டும் அர்ரேஸ்ட்ரெச்சை 1.6 ஆக்கி, 2 எம் (எழுத்தளவைச் சார்ந்த அலகு) அகலமுள்ள 8 நடுச்சீர் நிரல்களுடன் டேபுலர் அட்டவணையைத் திறவுங்கள். 4, 6 ஆகிய நிரல்களுக்குப் பின் ஒற்றைக்கோடு, 8க்குப் பின் இரட்டைக்கோடு. முடிவுப் பகுதி டேபுலரை மூடும். அர்ரேஸ்ட்ரெச் மாற்றம் சூழலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

ராகப் பெயரை உள்ளீடாக வாங்கி முடிவுப் பகுதியில் அச்சிட முயன்றால் நியூஎன்விரான்மென்ட் மறுக்கும். அங்கே நியூடாக்குமென்ட்என்விரான்மென்ட் பயன்படுத்துங்கள். 2020 அக்டோபர் வெளியீட்டிலிருந்து அது லேடெக்கிலேயே இருக்கிறது.

வரையறையின் ஒவ்வொரு வரி முடிவிலும் சதவீதக் குறி இடுங்கள். விட்டால் வெற்றிடம் நுழைந்து ஸ்வரம் நகரும்.