முதுகு ஊசிக்குப் பின் தலைவலி: வீட்டில் நேரும் தவறுகள்

குடியாத்தம், அணைக்கட்டு, போளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலூருக்கு வந்து, சிசேரியனோ குடலிறக்க அறுவையோ முடித்துக்கொண்டு திரும்பும் இளவயதினர் சிலருக்கு, இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் நெற்றியிலும் பின்மண்டையிலும் கடுமையான வலி தொடங்குகிறது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காக முதுகில் போட்ட ஊசி, தண்டுவடத்தைச் சூழ்ந்த உறையில் நுண்ணிய துளையை விட்டுச் செல்கிறது. மூளையைத் தாங்கி நிற்கும் நீர் அதன் வழியாகக் கசிகிறது. எழுந்து உட்கார்ந்ததும் மூளையைச் சுற்றியுள்ள சவ்வுகள் இழுபட்டு வலி ஏறுகிறது, படுத்தால் சில நிமிடங்களில் தணிகிறது. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் இம்முறையைத் தொடங்கிய ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவரே, தம் முதுகில் ஊசி குத்தச் செய்து சோதித்தபோது இதே வலியால் பல நாள் அவதிப்பட்டார்.

முதியவர்களைவிட இளையவர்களுக்கு, அதிலும் பிரசவித்த பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது. நுனி கூராக வெட்டப்பட்ட தடித்த ஊசியைவிட, பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசியில் வாய்ப்பு குறைவு. அப்படியிருக்க, “நீ தலையைத் தூக்கியதால்தான் வந்தது” என்று நோயாளியைக் குறை சொல்வது பெரும் அநியாயம். தலையணையின்றி ஒரு நாள் முழுவதும் அசையாமல் கிடந்தால் இவ்வலி வராது என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. வலி வந்த பிறகு ஆறுதலுக்காகப் படுக்கலாம், ஒருக்களித்துப் படுத்தபடியே குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். ஆனால் நாள்கணக்கில் அசையாமல் கிடப்பது கால் சிரைகளில் ரத்தம் உறைய வழி செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் நேரும் தவறு இன்னும் கவலை தருவது. பச்சை உடம்புக்காரி நிறையத் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி, வேலூரின் மே மாத வெயிலிலும் அளந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. மாமியாரும் அம்மாவும் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் பிரசவித்த பெண்ணின் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் நிலையில் இருக்கும்போது, நீர் வற்றினால் மூளையின் சிரைகளில் ரத்தம் கட்டும் அபாயம் கூடுகிறது. அந்த நோயும் தலைவலியாகவே தொடங்கும். குடம் குடமாகக் குடித்தால் துளை அடைபடும் என்பதும் உண்மையன்று. தாகத்துக்குத் தடையின்றிக் கொடுத்தால் போதும்.

ஆகவே எந்தத் தலைவலியையும் “முதுகு ஊசிதான்” என்று வீட்டிலேயே முடிவு கட்டித் தைலம் தேய்த்து, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் காத்திருப்பதே மிக ஆபத்தான தவறு. படுத்தாலும் குறையாத வலி, முன்பு படுத்தால் தணிந்து இப்போது எந்நேரமும் நீடிக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, ஓயாத வாந்தி, உயர்ந்த ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், இரவென்று பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளைக்காய்ச்சலும் மண்டைக்குள் ரத்தக்கசிவும் பிரசவத்துக்குப் பிந்தைய வலிப்பு நோயும் இப்படித்தான் தம்மைக் காட்டும்.

இவை எதுவும் இல்லாத ஊசித் தலைவலி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமாலும், சிலருக்குக் காபியும் உதவும். வலி உட்காரவே விடாதபோது, நோயாளியின் கையிலிருந்து ஏறக்குறைய 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் அந்த உறைக்கு வெளியே செலுத்தித் துளையை அடைக்கும் சிகிச்சை உண்டு. மீண்டும் முதுகில் ஊசியா என்று அஞ்சிப் பலர் மறுத்துவிடுகிறார்கள். பலருக்கு அன்றே எழுந்து உட்கார முடிகிறது என்பதை அவர்களிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோய், முதுகில் ஊசி போட்ட தேதியையும், உட்கார்ந்தால் வலி கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.